கேட்காமல் காத்திருந்தவர்

எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் மூன்று குளிர்காலம் குடியிருந்த அந்தப் பெண், ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்டு நான் கண்டதில்லை. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். எந்தக் கிழமை எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்று தெரியாவிட்டால்கூடக் கேட்கமாட்டார். ஜன்னலடியில் நின்று, முன்வீட்டுக்காரர் எதை உருட்டிக்கொண்டு வருகிறார் என்று பார்ப்பார். பிறகு அதே நிறத் தொட்டியைத் தானும் உருட்டிக்கொண்டு போவார். முன்வீட்டுக்காரர் ஒரு மறதிக்காரர். இரண்டு வீட்டுத் தொட்டிகளும் பிழையான நாளில் வாசலுக்குப் போய், ஒருவரும் எடுக்காமல் பனி மூடிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சுடுதண்ணீர் வராவிட்டால், 'இன்றைக்குத் தண்ணீர் குளிராக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் படியில் நிற்பார். அதில் ஒரு கேள்வி இருக்கிறது என்று நாங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்களோடு பேசி அறிவதுதான் அவருடைய தொழில். அவர் குற்றவியல் படித்தவர். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தார். தென்னமெரிக்காவிலிருந்தும் அதற்கு மேலேயுள்ள சின்ன நாடுகளிலிருந்தும் வந்து, ரொறன்ரோவில் விசா இல்லாமல் வாழ்கிற ஸ்பானிய மொழிக்காரரைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். எழுதியபோது அவர்கள் எல்லோருக்கும் வேறு பெயர் போட்டு மறைத்தார். அப்படிப்பட்டவரின் பெயரை நான் இங்கே எழுதுவது அழகில்லை. கள்ளப்பெயர் ஒன்று வைக்கவும் மனம் வரவில்லை. இப்போது மேற்கே ஏதோ ஒரு மாகாணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தொடர்பு இல்லை.

அவரை நினைத்தால் அந்தக் கேட்காத குணம்தான் முதலில் வரும். எத்தனையோ பேர் அவரை நம்பியதற்கும் அதுதான் காரணம். கூரை வேலை செய்த ஒரு மனிதனைச் சிறையிலிருந்து எடுக்க அவரால் முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம். அந்தக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிளாசாவில் மரக்கறிக் கடைக்குப் போனால், பக்கத்தில் நிற்பவர் கத்தரிக்காய் தெரிந்தெடுத்து முடிக்கமுன் ஊர், தகப்பன் பெயர், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கேட்டு முடித்திருப்போம். என் மனைவி அதில் ஒரு படி மேல். வாடகைக்கு வீடு பார்க்க வந்த அன்றைக்கே அந்தப் பெண்ணிடம், கலியாணம் முடித்ததா, ஏன் முடிக்கவில்லை, அம்மா யாரோடு இருக்கிறா என்று எல்லாம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, ஒரு சொல்லில் முடிகிற பதில்களாகச் சொன்னார். திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"உவ என்ன, எங்களைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை. எங்களிலை உவவுக்கு ஒரு அக்கறையும் இல்லையோ?" என்று கதவு சாத்திய பிறகு சொன்னாள்.

குற்றவியல் என்றதும் நாங்கள் விளங்கிக்கொண்டது வேறு. கள்ளரைப் பிடிக்கிறவர் கீழே இருக்கிறா, இனி வீட்டுக்குப் பயமில்லை என்று மனைவி வேலையிடத்தில் சொல்லித் திரிந்தாள். மில்லிக்கனில் இருக்கிற என் நண்பன் ஒருவனின் கார் வாசலில் வைத்தே களவு போய்விட்டது. அவன் அந்தத் துக்கத்தோடு அவரிடம் ஆலோசனை கேட்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவர் அவனுடைய முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணி குடித்து முடியுமட்டும் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் போடுகிறேன்.

"நான் கள்ளரைத் தேடுறதில்லை, அங்கிள். ஒண்டும் களவெடுக்காத ஆக்களை எப்பிடிக் கள்ளராக்கிறது எண்டதைத்தான் நான் பார்க்கிறன்."

நண்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காருக்கு வழி சொல்லாமல் இதென்ன கதை என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனான். எனக்கு விளங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் இருந்த கடவுச்சீட்டு என்னுடையது இல்லை. ஒரு கோழியைக்கூடக் களவெடுக்காத என்னை விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். அதை அன்றைக்கு அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் நான் வேலையில் முதுகு அடிபட்டு வீட்டில் இருந்தேன். மகள் படிக்கவென்று வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். மனைவி முதியோர் இல்லத்தில் மாறி மாறி ஷிப்ற் செய்தாள். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தெருவில் பகல் நேரத்தில் தபால்காரரைத் தவிர மனித முகம் காண்பது அரிது. கீழே அவர் தட்டச்சுச் செய்கிற சத்தம் கேட்கும், நிற்கும், பிறகு கேட்கும். மேலே ஒருவர், கீழே ஒருவர். இரண்டு பேரும் தனித்தனியாகத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு அப்படி இருப்பது வெறும் வீட்டில் தனியே இருப்பதைவிடக் கொடுமை என்று எனக்குத் தோன்றியது உண்டு.

அவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை. கிறிஸ்மஸ் அன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். வந்தார். வாழைப்பழக் கேக் ஒன்று செய்து கொண்டுவந்தார். எல்லோருடைய கதையையும் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார். போன பிறகு யோசித்தால், அவர் வந்ததே ஞாபகம் இல்லாததுபோல இருந்தது. தன்னைப் பற்றி ஒன்றும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். அவருடைய பழைய கார் பனியில் இழுக்கவில்லை. வெஸ்ரன் ரோட்டுப் பக்கம் ஒரு சேர்ச்சுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியில் நின்றார். நான் சாவியை எடுத்தேன். சேர்ச்சின் கீழ்த்தளத்தில் பெரிய குசினி. கட்டட வேலைக்காரர், துப்புரவு வேலை செய்கிற பெண்கள், குழந்தைகள் என்று ஒரு கூட்டம். சனிக்கிழமைகளில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்களாம். இவர் போய் ஒரு மூலையில் இருந்து சோளமாவை இலையில் வைத்து மடிக்கத் தொடங்கினார். பக்கத்தில் ஒரு கிழவி மடித்துக்கொண்டிருந்தா. அரை மணித்தியாலம் இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. பிறகு கிழவி தானாகத் தொடங்கினா. தொடங்கியவ நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னா. இவர் மடித்துக்கொண்டே இருந்தார்.

அதுதான் அவருடைய முறை. கேட்கமாட்டார். பக்கத்தில் இருப்பார். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அவர்களாகச் சொல்லுமட்டும் இருப்பார். அவர்களாகச் சொன்ன பிறகுதான், எழுதட்டுமோ என்ற பேச்சுக்கே வருவார். மற்ற ஆராய்ச்சியாளர்கள் கேள்விக்கொத்தோடு போய் ஒரு மாதத்தில் முடிப்பதை இவர் வருஷக்கணக்கில் இழுத்தார். அதனால்தான் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் இருந்தது என்று பிறகு வேறு ஒருவர் மூலம் அறிந்தேன்.

வரும் வழியில் நெடுஞ்சாலையில் வாகனங்கள் அடைபட்டு நின்றன. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இப்படி இருந்தால் வேலை எப்படி முடியும் என்று நான்தான் கேட்டேன். இந்த ஆட்களைப் பொலிஸ் கேட்கிறது, எல்லை அதிகாரி கேட்கிறான், முதலாளி கேட்கிறான், பள்ளிக்கூடம் கேட்கிறது, நானும் கேட்டால் நானும் அவர்களில் ஒருத்தி என்றார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். ஆனால் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இன்னும் சொன்னார்.

அவருக்கு எட்டோ ஒன்பதோ வயது. தகப்பன் அகதி விண்ணப்பம் கொடுத்த காலம். ஒரு அதிகாரி வந்தபோது மொழிபெயர்க்க ஆள் இல்லை. இந்தப் பிள்ளை நன்றாக ஆங்கிலம் பேசுகிறதே என்று அதனை நடுவில் இருத்திவிட்டார்கள். சிறையில் இருந்தாயா, ஆயுதம் தூக்கினாயா, ஆரையும் கொன்றாயா என்று அதிகாரி கேட்டதை எல்லாம் அந்தப் பிள்ளை தங்கள் ஸ்பானிய மொழியில் தகப்பனைக் கேட்டது.

"அண்டைக்குப் பிறகு அப்பா என்ரை முகத்தைப் பார்த்து ஒண்டும் சொன்னதில்லை. சாகுமட்டும்" என்றார்.

எங்கள் பிள்ளைகளும் எங்களுக்காக எத்தனை இடத்தில் நடுவில் இருந்து மொழிபெயர்த்திருக்கும். நான் ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

கூரைக்காரனை நான் முதலில் கண்டது அந்தக் குசினியில்தான். நாற்பது வயது மதிக்கலாம். வெயிலில் கறுத்த கழுத்து, பெரிய கைகள். பேச்சுக் குறைவு. பிறகு அவருடைய கார் ஒரேயடியாகப் படுத்துவிட, சனிக்கிழமைகளில் அவன்தான் தன் ட்ரக்கில் அவரை எங்கள் வீட்டில் இறக்கிவிடுவான். ஒருமுறை இறங்கி நின்று எங்கள் கூரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அடுத்த கிழமை ஏணியோடு வந்து, காற்றில் கிளம்பியிருந்த ஓடுகளை எல்லாம் அடித்துக் கொடுத்தான். எனக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இரண்டு பேரும் முதுகைப் பிடித்துக் காட்டி நோவைப் பரிமாறிக்கொண்டோம். ஒரு வழக்கம் மட்டும் எனக்கு நினைவு. அவரை இறக்கிவிட்ட பிறகு உடனே போகமாட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஜன்னலைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். அவரும் வாசலில் நிற்பார். இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள். பிறகு கையைக் காட்டிவிட்டுப் போவான்.

காதலோ என்று மனைவி கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றையும் கேட்கவேண்டும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஒரு பின்விளக்கு எரியவில்லை என்று பொலிஸ் அவனுடைய ட்ரக்கை மறித்தது. பெயரைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். எல்லை அதிகாரிகளுக்குப் போன் போனது. அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். விளக்கு எரியாததற்கு எங்கள் நண்பர்களுக்கு எல்லாம் எச்சரிக்கைத் துண்டு ஒன்று கிடைக்கும். அவனுக்குச் சிறை. அவனுடைய லோயர் சொன்னது இதுதான்: வெளியே எடுப்பதென்றால் இங்கே நிரந்தர விசா உள்ள, அவனை நன்றாக அறிந்த ஒருவர் பிணை நிற்கவேண்டும். வெளியே இருந்தால் வழக்கை நடத்தலாம். உள்ளே இருந்தால் சில கிழமைகளிலேயே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தான் நிற்பதாகச் சொன்னார். படியேறி வந்து எங்களுக்கும் சொன்னார். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இத்தனை வருஷம் எழுதியதில் ஒருவருக்காவது நேரடியாகப் பயன்படப்போகிறேன் என்றார்.

அப்போதுதான் நான் என் கதையை அவருக்குச் சொன்னேன். என்னை அடைத்து வைத்திருந்தபோது பிணைக்கு வந்த அண்ணை என் முகத்தை முன்பின் கண்டிராதவர். எங்கள் ஊர்க்காரர் என்பதைத் தவிர ஒரு உறவும் இல்லை. ஆனால் வருமுன் ரெலிபோனில் என்னை உரித்தெடுத்துவிட்டார். தகப்பன் என்ன வேலை, கிணறு பங்கோ தனியோ, அக்கா எந்த ஊரில் கலியாணம் செய்தவ, மச்சான்மார் எத்தனை பேர், சின்ன வயதில் என்ன நோய் வருத்தம் வந்தது. இந்த மனிதனுக்கு ஏன் இதெல்லாம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. விசாரணையில் அதிகாரி ஒன்று கேட்க அண்ணை மூன்று சொன்னார். என் அக்காவின் மாமியார்வரை போனபோது, போதும் ஐயா என்று அவர்களே நிறுத்தினார்கள். அடுத்த நாள் நான் வெளியே நின்றேன்.

"அவனிட்டை எல்லாத்தையும் கேட்டு வையுங்கோ, பிள்ளை. நீங்கள் அவனை எவ்வளவு அறிவீங்கள் எண்டதைத்தான் அவை பார்ப்பினம்" என்றேன்.

ஓம் என்று தலையாட்டினார். தடுப்பு நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். காரில் இருந்து காத்திருந்தேன். திரும்பி வந்தவர் பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். கேட்டீங்களோ என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

"கண்ணாடிக்கு அங்காலை இருக்கிறான். போனைத் தூக்கித்தான் கதைக்கவேணும். பின்னாலை யூனிபோர்மோடை ஒருத்தன் நிக்கிறான். உனக்குப் பிள்ளை இருக்கோ, ஊரிலை ஆர் இருக்கினம் எண்டு நான் என்னெண்டு கேக்கிறது? வாய் வரேல்லை. உதைபந்தாட்டம் கதைச்சிட்டு வந்திட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. இது நேர்மையா பைத்தியமா என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். எட்டு வயதில் அந்தப் பிள்ளையை நடுவில் இருத்தியவர்களைத்தான் திட்டவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

இப்போதெல்லாம் அந்த விசாரணைகள் கம்பியூட்டரில்தான் நடக்கின்றன. பேஸ்மென்றில் இணையம் விட்டு விட்டு வரும். ஆகவே எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் அவருடைய மடிக்கணினி இருந்தது. மனைவி ஷிப்றை மாற்றிக்கொண்டு நின்றாள். விசில் அடிக்காமல் குக்கரை இறக்கி வைத்தாள். பின்சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றட்டுமோ என்று யோசித்து, அவரும் இருந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் குசினி வாசலில் நின்றோம். அங்கிருந்து திரையும் தெரியும், அவருடைய முகமும் ஒரு பக்கமாகத் தெரியும். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் தீர்ப்புச் சொல்கிற பெண், எல்லை அதிகாரி, லோயர், மொழிபெயர்ப்பாளர். ஒரு பெட்டியில் கூரைக்காரன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவனுடைய கைகள் மடியில் சும்மா கிடந்தன.

முதலில் அவர் நன்றாகத்தான் பேசினார். வகுப்பில் பாடம் எடுப்பவர் அல்லவா. இந்த மனிதர்கள் ஓடிப்போகிறவர்கள் இல்லை, வேலைக்கும் வீட்டுக்கும் போய் வருகிறவர்கள், ஒரு விளக்குக்காகக் குற்றவாளி ஆனவர்கள் என்று நிதானமாகச் சொன்னார். பிறகு, "ரமோனை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும்" என்றார்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவனுடைய பெயர் ரமோன் இல்லை. கூரை வேலையைப் பற்றி அவன் சொன்னவற்றை எழுதிய கட்டுரையில் அவனை மறைக்க அவர் போட்ட பெயர் அது. மூன்று வருஷமாக அந்தப் பெயரில் எழுதி எழுதி, மனதில் அவன் அதுவாகவே ஆகிவிட்டான். பிழையை விளங்கப்படுத்தப் பார்த்தார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அது மோசமாகியது.

எல்லை அதிகாரி குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகவே கேட்டான். இவர் யாரோடு குடியிருந்தார்? தெரியாது. ஊரில் யார் இருக்கிறார்கள்? தெரியாது. இந்த நாட்டில் சகோதரங்கள் உண்டா? தெரியாது. பிள்ளைகள் உண்டா? தெரியாது. மூன்று வருஷம் பழகிய ஒருவருக்குப் பிள்ளை உண்டா என்று எப்படித் தெரியாமல் இருக்கும் என்று கேட்டான்.

"நான் கேக்கேல்லை" என்றார் அவர். அந்தக் குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

தீர்ப்புச் சொல்கிற பெண் ஏதோ எழுதினா. இவரைப் பிணையாக ஏற்க முடியாது, தடுப்புத் தொடரும் என்றா. முடிக்குமுன் கூரைக்காரனிடம், ஏதும் சொல்ல விரும்புகிறீரா என்று கேட்டா. அவன் கமராவுக்குக் கிட்டக் குனிந்து ஸ்பானிய மொழியில் பேசினான். எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் அவருக்கு விளங்கியது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன்னே அவருடைய முகம் உடைந்தது. இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் ஆங்கிலம் வந்தது.

"அந்த அம்மாவிலை பிழை இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டிலை இறக்கிவிட்டிட்டு, இண்டைக்கெண்டாலும் என்னைப் பற்றிக் கேப்பா எண்டு நிப்பன். கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பன். ஒருத்தரும் கேக்காத கதையைத் தானாச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்."

பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுத்த விசாரணைக்கு நாள் வருமுன்னே அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அன்று எல்லாம் அணைந்ததும் மனைவி சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், "அவளுக்கு எத்தினை வயசிருக்கும்?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அடுத்ததைக் கேட்டார். தாயோடு இருக்கிறாளோ? பள்ளிக்கூடம் போறாளோ? பெயர் என்னவாயிருக்கும்? தகப்பனின் சாயலோ? அவர் நிறுத்தவில்லை. என் மனைவி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டு, அவருடைய கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு கேள்விக்கும் "தெரியாது பிள்ளை, தெரியாது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.